நாலு வருஷ வேகன்ஆருக்கு எந்தக் கம்பெனியில் இன்ஷூரன்ஸ் எடுப்பது?

நீங்கள் சொன்ன விவரத்தை முதலில் ஒருமுறை அடுக்கிக்கொள்கிறேன். தாம்பரம் பக்கம் முடிச்சூரில் வீடு. நான்கு வருடம் முடிந்து ஐந்தாவதில் நுழையும் 1197 சிசி வேகன்ஆர். பாலிசி முடிய மூன்று வாரம் இருக்கிறது. டீலர் 15,800 ரூபாய் கேட்கிறார். ஒப்பீட்டுத் தளத்தில் அதே காருக்கு 8,900-லிருந்து 11,700 வரை காட்டுகிறது. க்ளெய்ம் செட்டில்மென்ட் விகிதம் அதிகமாக உள்ள கம்பெனியாகப் பார்த்து எடுத்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி. போகிறபோக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "ரெண்டாவது வருஷம் முன் கண்ணாடி மாத்தினோம், டீலரே பார்த்துக்கிட்டார்." உங்கள் கேள்வியில் முக்கியமான வரி அதுதான், பிறகு வருகிறேன். உண்மையில் நீங்கள் கேட்பது இரண்டு விஷயம். ஒரே காருக்கு ஏன் ஏழாயிரம் ரூபாய் வித்தியாசம்? விலை குறைந்ததை எடுத்தால் நாளைக்குக் கையை விரித்துவிடுவார்களா? இந்த இரண்டையும் தீர்த்துக்கொண்டால் கம்பெனியின் பெயர் கடைசியில் தானாக வந்துவிடும்.

எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத பகுதி ஒன்று உண்டு. தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் காரால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு. அதன் கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த கட்டணத்தில் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000-க்கு மேல் 1500 வரை 3,416, அதற்கு மேல் 7,897. உங்கள் காருக்கு 3,416-உம் 18% ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால் 4,031. இந்தக் கட்டணம் மாறினாலும் எல்லாக் கம்பெனிக்கும் சேர்ந்துதான் மாறும். இதில் யாரும் தள்ளுபடி தர முடியாது. புதுக் கார் வாங்கும்போது மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிய தேர்ட் பார்ட்டி போன வருடமே முடிந்திருக்கும். ஆகவே இப்போது உங்களுக்கு வேண்டியது தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் (உங்கள் காருக்கே வரும் சேதத்துக்கான காப்பீடு) சேர்ந்த ஒரு வருட பேக்கேஜ் பாலிசி. ஓன் டேமேஜ் பகுதிக்கு 2007 ஜனவரி 1-லிருந்து கம்பெனிகளே விலை வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்க்கும் வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அந்த வித்தியாசத்தில் கம்பெனியின் தாராளம் கொஞ்சம்தான். பெரும்பகுதி, திரையில் சத்தமில்லாமல் மாற்றி வைக்கப்பட்ட அளவுகள். முதலில் ஐ.டி.வி. கார் திருடுபோனாலோ முழுசாக நொறுங்கினாலோ கிடைக்கிற உச்சத்தொகை இது. நான்கிலிருந்து ஐந்து வருடக் காருக்கு, கார் தயாரிப்பாளரின் இப்போதைய பட்டியல் விலையில் 50% கழிக்க வேண்டும். பட்டியல் விலை ஆறரை லட்சம் என்று வைத்துக்கொண்டால் ஐ.டி.வி. 3.25 லட்சம். மலிவாகத் தெரியும் கோட்டேஷனைத் திறந்து பாருங்கள், 2.7 லட்சம் என்று இருக்கக்கூடும். பிரீமியத்தில் மிச்சமாவது சில நூறு ரூபாய். கார் போனால் நஷ்டம் 55,000. இன்னொரு விளைவும் உண்டு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75%-ஐத் தாண்டினால் காரை டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவார்கள். 3.25 லட்சத்தில் அந்த எல்லை சுமார் 2.44 லட்சம், 2.7 லட்சத்தில் 2.02 லட்சம்தான். வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு எஸ்டிமேட் இரண்டு லட்சத்தைச் சர்வசாதாரணமாகத் தொடும். சரிசெய்து இன்னும் ஆறு வருடம் ஓட்டியிருக்கக்கூடிய கார், குறைந்த ஐ.டி.வி.யால் காயலான் கடைக்குப் போய்விடும்.

அடுத்தது வாலண்டரி டிடக்டிபிள். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதல் இவ்வளவு ரூபாயை நானே கட்டிக்கொள்கிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொள்வது. 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாகவே 1,000 ரூபாய் பிடிப்பார்கள். அதற்கு மேல் 5,000 என்று டிக் ஆகியிருந்தால் கோட்டேஷன் அழகாகக் குறையும், பம்பர் உடைந்த அன்று அந்த அழகு போய்விடும். மூன்றாவது, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. உங்கள் பெயரில் இன்னொரு வண்டியின் பாலிசியிலோ தனி பாலிசியாகவோ அது இருந்தால் இங்கே திரும்ப வேண்டாம். இல்லாமலேயே 'இருக்கிறது' என்று டிக் அடித்து முந்நூறு நானூறு மிச்சம் பிடிப்பவர்கள் நிறையப் பேர். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது.

இப்போது அந்தக் கண்ணாடி. டீலர் பார்த்துக்கொண்டார் என்றால் அநேகமாக இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் போட்டிருப்பார். கண்ணாடி மட்டும் மாற்றினால் நோ க்ளெய்ம் போனஸ் (என்.சி.பி.) பாதிக்காது என்ற ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் வசதி) சில பாலிசிகளில் உண்டு. அது இல்லாவிட்டால் அந்த வருடத்தோடு உங்கள் நோ க்ளெய்ம் போனஸ் பூஜ்யமாகியிருக்கும். க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கு வரிசையாக 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் தள்ளுபடி அது. ஓன் டேமேஜுக்கு மட்டும்தான் பொருந்தும், தேர்ட் பார்ட்டிக்குக் கிடையாது. நான்கு வருடம் க்ளெய்மே இல்லையென்றால் இப்போது 45%. இரண்டாம் வருடத்தில் ஒன்று போட்டிருந்தால் மூன்றாம், நான்காம் வருடங்கள் மட்டுமே கணக்கு, ஆக 25%. கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். கையிலுள்ள பாலிசியின் பிரீமியம் அட்டவணையைப் பாருங்கள். அதில் 35% என்றிருந்தால் இப்போது 45%. 20% என்றிருந்தால் இப்போது 25%.

ஒப்பீட்டுத் தளம் 'போன வருடம் க்ளெய்ம் உண்டா' என்று மட்டும் கேட்டுவிட்டு, காரின் வயதைப் பார்த்து 45% என்று தானே போட்டிருக்கலாம். தள்ளுபடிக்கு முந்தைய ஓன் டேமேஜ் 6,000 என்றால் 45-க்கும் 25-க்கும் வித்தியாசம் 1,200, ஜி.எஸ்.டி.யோடு 1,416. உங்கள் 8,900 அங்கேயே பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. மிச்சம்தானே என்று அப்படியே விட்டுவிட்டால், க்ளெய்ம் வரும்போது புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் உறுதி கேட்கும். என்.சி.பி.யைத் தவறாகச் சொன்னது தெரிந்தால் ஓன் டேமேஜ் பகுதியின் பலன் முழுவதையும் மறுக்க இடம் உண்டு. "கட்டும்போது இனிச்சது, கேட்கும்போது கசக்குது" என்று ஆன்லைன் பாலிசிகளைத் திட்டுபவர்களில் கணிசமானவர்களின் சிக்கல் இதுதான். கம்பெனி எதுவாக இருந்தாலும் இது நடந்திருக்கும்.

க்ளெய்ம் வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். முன்பக்கம் இடித்துவிட்டது. பில்லில் பம்பர் 5,200, ஹெட்லைட் 6,800, ஃபெண்டர் 3,000, பெயிண்டிங் 7,000, டிங்கரிங்-பிட்டிங் கூலி 3,500, கிளிப்-ஸ்க்ரூ-கூலன்ட் 600. மொத்தம் 26,100 (ஜி.எஸ்.டி.யை இங்கே விட்டுவிடுகிறேன்). சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு வயது பார்க்காமல் 50% கழிவு. ஹெட்லைட்டையும் பெரும்பாலும் பிளாஸ்டிக் கணக்கில்தான் எடுப்பார்கள். ஆக 12,000-இல் 6,000 உங்கள் தலையில். இரும்பு பாகத்துக்கு நான்கு-ஐந்து வருடக் காரில் 35%, அது 1,050. பெயிண்டிங் பில்லில் கால்பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதி கழிப்பார்கள், 875. கிளிப், கூலன்ட் 600 கிடையாது. கட்டாய டிடக்டிபிள் 1,000. கூலி முழுசாகக் கிடைக்கும். கூட்டினால் உங்கள் கையிலிருந்து 9,525, கம்பெனி தருவது 16,575. இதே பில்லுக்கு, பாகங்களுக்குக் கழிவு பிடிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் இருந்தால் நீங்கள் கட்டுவது 1,600. கிளிப், கூலன்ட் போன்றவற்றுக்கான கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆனும் இருந்தால் 1,000.

இதை மனதில் வைத்துக்கொண்டு '98% செட்டில்மென்ட்' விளம்பரத்துக்கு வாருங்கள். 26,100 கேட்டவருக்கு 16,575 கொடுத்தாலும் அது 'செட்டில் ஆன' ஒரு க்ளெய்ம்தான். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லும் எண், எவ்வளவு கொடுத்தார்கள் என்று சொல்லாது. வலைத்தளங்களில் இதே பெயரில் உலவும் இன்னொரு எண் இன்கர்டு க்ளெய்ம் ரேஷியோ. வசூலித்த பிரீமியத்தில் எத்தனை சதவீதம் க்ளெய்முக்குப் போனது என்பது அது. நூற்றைத் தாண்டினால் அந்தப் பிரிவில் கம்பெனி நஷ்டத்தில் இருக்கிறது; ரொம்பக் குறைந்தால் பிரீமியம் அதிகமாக வாங்குகிறதா, க்ளெய்மில் பிடிவாதம் பிடிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மோட்டார் பிரிவில் கோர்ட்டில் வருடக்கணக்காக நடக்கும் தேர்ட் பார்ட்டி வழக்குகளும் அந்த எண்ணில் கலந்து கிடக்கும். உங்கள் பம்பருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பார்த்தே ஆக வேண்டும் என்றால் பயனுள்ள எண் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனியும் தன் வலைத்தளத்தில் 'பப்ளிக் டிஸ்க்ளோஷர்ஸ்' என்ற பக்கத்தில் காலாண்டுக்கு ஒருமுறை படிவங்களை ஏற்ற வேண்டும். என்எல்-39 என்ற படிவத்தில் ஓன் டேமேஜ் க்ளெய்ம்களில் எத்தனை ஒரு மாதத்துக்குள் முடிந்தன, எத்தனை மூன்று மாதத்தைத் தாண்டின என்று இருக்கும். என்எல்-45-இல் புகார்க் கணக்கு. இரண்டு மூன்று கம்பெனிகளின் படிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிட வேலை. ஆனாலும் அது நாடு முழுவதற்குமான கணக்கு. தாம்பரத்தில் உங்கள் காரின் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எப்படிப்பட்டவர் என்று எந்தப் படிவமும் சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார்: நீங்கள் காரை விடப்போகும் வொர்க்‌ஷாப்பில் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர். பாடி ஷாப் மேனேஜராகவும் இருக்கலாம். தினமும் பத்துக் கம்பெனி சர்வேயர்களோடு மல்லுக்கட்டுபவர். டீலரின் விற்பனைப் பிரிவில் கேட்காதீர்கள், அவர்கள் பாலிசி விற்பவர்கள். ரிப்பேர் பகுதிக்குப் போய்க் கேளுங்கள். இங்கே எந்தெந்தக் கம்பெனிக்கு இன்றைய தேதியில் கேஷ்லெஸ் (கம்பெனியே வொர்க்‌ஷாப்புக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) ஓடுகிறது? பேமென்ட் பாக்கி வைத்ததால் எதையாவது நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? சர்வேயர் அன்றே வருகிறாரா, வீடியோவில் பார்க்கிறாரா? பம்பர் கிழிந்தால் மாற்ற அனுமதிக்கிறார்களா, ஒட்டி பெயிண்ட் அடி என்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விதான் உரைகல். ஒரே சேதத்துக்கு 'ரிப்பேர்' என்று எழுதும் கம்பெனியும் உண்டு, 'ரீப்ளேஸ்' என்று எழுதும் கம்பெனியும் உண்டு. பில்லில் அது பல ஆயிரங்களாக விரியும். இரண்டு வொர்க்‌ஷாப்பில் கேட்டு, இரண்டிலும் நல்ல பெயர் உள்ள மூன்று கம்பெனிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு விலை பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வெளியே பாலிசி எடுத்தால் இங்கே கேஷ்லெஸ் கிடையாது என்று டீலர் சொல்லியிருப்பார். கேஷ்லெஸ் என்பது கம்பெனிக்கும் வொர்க்‌ஷாப்புக்கும் உள்ள ஒப்பந்தம். பாலிசியை விற்றவர் யார் என்பது அதில் வராது. தன்னிடமே பாலிசி எடுக்கும்படி டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 2017 நவம்பரிலிருந்து இருக்கும் விதி. அதேசமயம் டீலர் வழிப் பாலிசிகளில் உதிரிபாக விலையும் கூலியும் முன்பே பேசி முடிக்கப்பட்டிருப்பதால் அனுமதி சீக்கிரம் வரும் என்பதும் உண்மை. அதற்கு ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம். நாலாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. நாலு வருடக் காருக்கு அந்த 15,800-இல் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் முழுசாகப் போனால் வாங்கிய விலையைத் தருவது), சாவி, டயர் என்று ஆட்-ஆன்களைத் திணித்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், கோட்டேஷன் இறங்கும். ஒப்பீட்டுத் தளத்தின் தாளைக் காட்டினால் இன்னும் இறங்கும்.

பொதுத்துறையா தனியாரா என்றும் கேட்டிருந்தீர்கள். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என நான்கு பொதுத்துறைக் கம்பெனிகள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டவை என்றால் பொதுத்துறையில் யுனைடெட் இந்தியா, தனியாரில் ராயல் சுந்தரமும் சோழமண்டலம் எம்.எஸ்.ஸும். தலைமையலுவலகம் பக்கத்தில் இருப்பதால் க்ளெய்ம் வேகமாக வராது, ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கும். பொதுவாகப் பொதுத்துறையில் காகிதமும் நடையும் அதிகம். பெரிய க்ளெய்மில் பேசித் தீர்க்க நேரில் ஓர் அதிகாரி இருப்பார். ஆப் வழிக் கம்பெனிகளில் சின்ன க்ளெய்ம் மளமளவென்று முடியும். சிக்கலான க்ளெய்மில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு குரலோடு பேச வேண்டிவரும். இது பொதுப்போக்கு மட்டுமே, கிளைக்குக் கிளை மாறும்.

உங்கள் ஊருக்கு நான் விட்டுக்கொடுக்கச் சொல்லாத ஆட்-ஆன் இன்ஜின் ப்ரொடெக்ட். 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த பகுதிக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆனால் எது கிடைக்கும் எது கிடைக்காது என்பதில் குழப்பம் இருக்கிறது. வெள்ளச் சேதம் சாதாரண பேக்கேஜ் பாலிசியிலேயே உண்டு: சீட், கார்ப்பெட், வயரிங், சுத்தம் செய்யும் செலவு. ஏர் இன்டேக் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போன நிலையில் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அமுங்காததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதை வெள்ளத்தால் வந்த சேதம் என்று பார்க்காமல், ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவு என்று சொல்லிக் கழித்துவிடுவார்கள். இன்ஜின் ப்ரொடெக்ட் அந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. அதுவும் இருக்கிறதே என்று சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். தெரிந்தே சேதத்தைக் கூட்டினால் மறுக்கும் நிபந்தனை அதிலும் உண்டு. பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது என்று தெரியும்படி போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, டோ செய்து கொண்டுபோக வேண்டும்.

ஆக உங்களுக்கு: ஐ.டி.வி. 3.25 லட்சத்தை ஒட்டி, வாலண்டரி டிடக்டிபிள் பூஜ்யம், ஜீரோ டெப், இன்ஜின் ப்ரொடெக்ட், கன்ஸ்யூமபிள்ஸ், என்.சி.பி. பாலிசியில் உள்ளபடி. ஜீரோ டெப்பைப் பல கம்பெனிகள் ஐந்து வருடத்தோடு நிறுத்திவிடும், சில ஏழு வரை தருகின்றன. முந்தைய பாலிசியில் இருந்திருந்தால்தான் தொடர்ந்து தருவோம் என்பது பரவலான நிபந்தனை. எனவே இந்த வருடம் அதை விட்டால் அடுத்த வருடம் பிடிக்க முடியாமல் போகலாம். வருடத்துக்கு இத்தனை ஜீரோ டெப் க்ளெய்ம் என்ற வரம்பையும் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு. இந்த அளவுகளை மூன்று கம்பெனியிலும் ஒன்றுபோல் வைத்தால் உங்கள் ஏழாயிரம் வித்தியாசம் ஒன்றிரண்டு ஆயிரமாகச் சுருங்கிவிடும் என்பது என் கணிப்பு.

எடுத்த பிறகு சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள். உங்கள் என்.சி.பி. இப்போது 25% என்று வைத்துக்கொண்டால், க்ளெய்ம் போடாவிட்டால் அடுத்தடுத்து 35, 45, 50, 50, 50 என்று போவீர்கள். போட்டால் 0, 20, 25, 35, 45. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் 105 சதவீதம், 6,000 ரூபாய் அடிப்படையில் 6,300. ஐ.டி.வி. குறையக் குறைய இது கொஞ்சம் இறங்கும். ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலையைக் கையிலிருந்து கொடுப்பதே லாபம்.

நல்ல கம்பெனியிலும் தகராறு வரலாம். க்ளெய்மைத் தெரிவித்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை, அறிக்கை வந்த 7 நாளில் முடிவு என்பது இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் வகுத்த கெடு. இழுத்தால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ திருப்தியில்லையென்றாலோ சென்னைத் தேனாம்பேட்டையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை விசாரிப்பார். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

மூன்று வாரம் இருக்கிறதே என்று கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். ஒரு நாள் தப்பினாலும் காரை இன்ஸ்பெக்ஷன் பார்த்த பிறகுதான் தருவார்கள். 90 நாள் தாண்டினால் என்.சி.பி.யும் போய்விடும். பாலிசி வந்ததும் இன்ஜின் எண், சேசிஸ் எண், ஆர்.சி.யில் உள்ளபடி பெயர் மூன்றையும் சரிபார்த்து, சில நாளில் எம்பரிவாகன் ஆப்பிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கார் லோன் முடிந்திருந்தால் பாலிசியில் பேங்க் பெயர் ஹைபோதிகேஷனாக (கடனுக்கான அடமானமாக) இன்னும் நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள். ஆர்.சி.யில் அதை நீக்காமல் விட்டிருந்தால், டோட்டல் லாஸ் ஆகும் நாளில் பணம் வருவதற்கு முன் பேங்கிடம் என்.ஓ.சி.க்காக அலைய வேண்டிவரும்.